சரியாகவும் முறையாகவும் உண்மையாகவும் தனியாள்

உண்மையை எழுதுவதற்கு ‘உண்மையாக’ என்ற சொல்லின் தயவு தேவைப்படாத ஒரே மனிதன் இந்த உலகத்தில் நான்தான் என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். இதைத் தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். மலையின் உயரம், ஆற்றின் நீளம் மாதிரி இதுவும் ஒரு தகவல். ‘ரியலி’, ‘ட்ரூலி’, ‘கரெக்ட்லி’, ‘ப்ராப்பர்லி’, ‘ஆக்சுவலி’ ஆகிய ஐந்தையும் என் ஆங்கிலத்திலிருந்து பத்தொன்பதாவது வயதில் நாடு கடத்தினேன். விடுதிச் சுவர்ப் பத்திரிகையில் அதற்கொரு பிரகடனமும் எழுதி ஒட்டினேன். ‘சரியான விஷயத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை, முட்டுக் கொடுத்த சுவரைக் கண்டால் தள்ளி நடங்கள்’ என்பது அதன் கடைசி வரி. அதை மொத்தம் மூன்று பேர் படித்ததாகக் கணக்கு. ஒருவன், ஒட்டும்போது நான். இன்னொருவர், அனுமதியில்லாமல் ஒட்டியதற்காக அதைக் கிழித்த வார்டன். மூன்றாவது ஆள் யார் என்று தெரியவில்லை. கிழிக்கும் முன் யாரோ ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார்கள்.

இந்தச் சொற்களோடு எனக்குப் பழைய பகை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘டெஃபினிட்லி இம்ப்ரூவிங்’ என்று எழுதியிருந்தது. அதுதான் கடைசிச் சீட்டு.

அப்பாவுக்கு இந்தக் கண்டிப்பெல்லாம் கிடையாது. அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் ஒன்பது மாதம் தண்ணீர் மேல்தான். நடுக்கடலில் கேப்டன் அறையிலிருக்கும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அவரோடு பேச முடியும். கப்பல் கம்பெனியின் தபால் கவுன்டரில் சீட்டு எழுதிக் கொடுத்தால் அனுப்புவார்கள்; அவர் அனுப்புவதை அச்செடுத்துத் தருவார்கள். கேப்டன் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார் என்பதால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இருபது வார்த்தைக்கு மேல் கூடாது. அப்பா அந்த இருபதையும் ரொப்பிவிடுவார். ‘ரியலி ஆல்ரைட் ஹியர். ஈட்டிங் ப்ராப்பர்லி. ஸ்லீப்பிங் ப்ராப்பர்லி. ஸீ இஸ் ஆக்சுவலி காம். வெதர் இஸ் ரியலி குட். ஸ்டடி ப்ராப்பர்லி. டோன்ட் வொர்ரி. ஃபாதர்.’ இருபத்தைந்து பேருக்குச் சமைத்துப் போடுகிறவர், தான் ஒழுங்காகச் சாப்பிடுவதாக மகனுக்கு உறுதிமொழி கொடுப்பார்.

நாலு மாதத்துக்கு முன்னால், பிரகடனம் எழுதிய சூட்டோடு, நான் அவருக்கும் ஒரு சீட்டு அனுப்பினேன். ‘ரியலி’, ‘ப்ராப்பர்லி’, ‘ஆக்சுவலி’ மூன்றையும் நீக்கிவிட்டு எழுதவும், அவை இருந்தால் சந்தேகம்தான் வருகிறது என்று. அடுத்த வாரம் பதில் வந்தது.

‘ஃபைன்.’

ஒரே வார்த்தை. நான் கேட்டதும் அதைத்தானே. அதற்கப்புறம் வந்ததெல்லாம் அப்படித்தான். ‘ஃபைன்.’ ‘ஓகே.’ ‘ஃபைன்.’ என் சீர்திருத்தம் இவ்வளவு முழுமையாக வெற்றி பெறும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட நான் ஒரு திங்கட்கிழமை காலையில் கல்லூரி அலுவலகத்துக்குப் போக நேர்ந்தது. கோடை விடுமுறைக்காக வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விடுதியைப் பூட்டுகிறார்கள். வீட்டில் ஒருவரும் இல்லாதவர்கள் மட்டும், அதை நிரூபித்து அனுமதி வாங்கினால், தங்கலாம். எனக்கு வீட்டில் ஒருவரும் இல்லை என்பதோடு, வீடும் இல்லை. அம்மா போனதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம். கட்டிலும் மிக்சியும் வீட்டுக்காரரின் கார் ஷெட்டில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி கிடைக்காவிட்டால், ஒரு தகரப் பெட்டியோடு நான் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

விண்ணப்பத்தை என் கொள்கைப்படி எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம். எனக்கு வீட்டில் யாரும் இல்லை. விடுமுறையில் விடுதியில் தங்க அனுமதி வேண்டும்.

முதல் மேசையில் இருந்த அக்கா அதைப் படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தாள்.

“மீதி எங்க தம்பி?”

“அவ்வளவுதாங்க்கா.”

“யாரும் இல்லைன்னு மட்டும்தான் எழுதியிருக்கு.”

“யாரும் இல்லக்கா.”

“சரிப்பா. எப்படி இல்ல?”

எனக்குப் புரியவில்லை. அக்கா பொறுமையாக விளக்கினாள். அந்த அலுவலகத்தில் வெறும் வாக்கியம் எதுவும் கோப்பில் ஏறாது. ஒரு தகவல் உண்மையாக வேண்டுமென்றால் அது மேசை மேசையாக நகர வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாம்பிலும் ஒரே ஒரு சொல். முதல் மேசையின் சொல் ‘கரெக்ட்லி’. இரண்டாவது மேசைக்கு ‘ப்ராப்பர்லி’. மூன்றாவது மேசை ‘ட்ரூலி’. நான்காவது மேசை மேலாளருடையது, ‘ட்யூலி’. ஒரு மேசையின் சொல்லை இன்னொரு மேசை தொடக்கூடாது. போன வருடம் அக்கா அவசரத்துக்கு ஒரு பையனின் சான்றிதழில் ‘ப்ராப்பர்லி’ என்று கையால் எழுதிவிட்டாளாம். இரண்டாவது மேசைக்காரர் அதற்கப்புறம் அவளோடு பேசுவதில்லை. இருவருக்கும் நடுவில் நாலடி தூரம்.

“எல்லா ஸ்டாம்பும் விழுந்துச்சுன்னா எப்படி வரும் தெரியுமா?” என்றாள் அக்கா. “நீ சரியாவும், ஒழுங்காவும், உண்மையாவும், முறைப்படியும் தனியாள்னு வரும். அதுக்கப்புறம் உன்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது.”

“இப்ப என்னக்கா கேக்கறாங்க?”

“இப்ப நீ சும்மா தனியா இருக்க.”

அவள் ‘கரெக்ட்லி’யை மையில் ஒற்றி, ‘நோ ஒன்’ என்பதற்கு முன்னால் பார்த்துப் பதமாக வைத்து அழுத்தினாள். பிறகு வாயால் ஊதிக் காயவைத்தாள். இரண்டாவது மேசைக்காரர் தலை நிமிராமல் தன் சொல்லைக் குத்தினார். மூன்றாவது மேசையில் நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. ‘ட்ரூலி’ பார்த்தவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் யாரையும் போடவில்லை. இந்த இரண்டு வருடத்தில் இந்தக் கல்லூரியில் எதுவும் அவ்வளவு சுலபமாக உண்மையாகிவிடவில்லை. ஸ்டாம்பு இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது, சாவி மேலாளரிடம். அவர் ‘ட்ரூலி’யைக் கூடுதல் பொறுப்பாகக் கவனிக்கிறார்.

மேலாளரை மாணவர்கள் ட்யூலி சார் என்பார்கள். அவருக்கு அது தெரியும்; பட்டம் வாங்கிய மாதிரிதான் இருப்பார். அவர் தலைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கடிதம் தொங்கியது. ஒரே வாக்கியத்தில் பதினொரு அழுத்தச் சொற்கள். அவருடைய சாதனை அது. தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டது என்பதுதான் விஷயம். தொட்டி கழுவப்படவில்லை என்பது வேறு விஷயம்.

என் விண்ணப்பத்தை அவர் விரல் நுனியால் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நான் இந்த நாற்காலிக்கு வந்து முப்பத்தொரு வருஷம். இத்தனை வருஷத்துல ஒரு வெறும் உண்மையில கையெழுத்துப் போட்டதே கிடையாது. ஏன்? நாளைக்கு ஒருத்தன் வந்து, இது பொய்னு சொல்றான்னு வையி. வெறும் உண்மையா இருந்தா அங்கயே செத்துடும். ‘ட்யூலி’ இருந்தா என்ன ஆகும்? பொய்தான், ஆனா முறைப்படி நடந்திருக்குன்னு ஆயிடும். முறைப்படி நடந்த பொய்யை இதுவரைக்கும் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல.”

இதைச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. சுவர்ப் பத்திரிகையில் இதை அப்படியே போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள், நான் இட்டுக்கட்டியது என்பார்கள் என்று மட்டும் யோசித்தேன்.

“அப்பா இருக்காருன்னு பதிவேட்டுல இருக்கே” என்றார்.

“கப்பல்ல இருக்கார் சார்.”

“கப்பல்ல இருந்தா இருக்காரா, இல்லையா?”

“வீட்ல இல்ல சார்.”

“அதை நீ சொன்னா எப்படி? இல்லாத ஆள்தானே தான் இல்லைன்னு சொல்லணும்?”

ஆக எனக்கு மூன்று வேலைகள் சொல்லப்பட்டன. ஒன்று, தான் வீட்டில் இல்லை என்று அப்பா எழுத்தில் தர வேண்டும். இரண்டு, நான் தனியாக இருப்பதை ஒரு குழு நேரில் பார்க்க வேண்டும். மூன்று, எனக்கு யாரும் இல்லை என்பதற்கு, என்னை மிக நெருக்கமாகத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றும் வந்தால் வெள்ளிக்கிழமை ‘ட்ரூலி’யும் ‘ட்யூலி’யும் விழும்.

அன்று மத்தியானமே கவுன்டருக்குப் போய் அப்பாவுக்குச் சீட்டு எழுதினேன். கல்லூரிக்குத் தேவை, நீங்கள் வீட்டில் இல்லை என்று எழுதி அனுப்பவும். கவுன்டரில் இருக்கிற பெண் அதைத் தட்டச்சு செய்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“உங்கப்பா முன்னாடியெல்லாம் இருபதையும் ரொப்பிடுவாரே. இப்ப ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கறார். கப்பல்ல ஏதும் பிரச்சினையா?”

“இல்லீங்க, எழுத்து நடையை மாத்திக்கிட்டார்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை குழு வந்தது. குழு என்பது அதே மூன்று பேர்தான். அக்கா கோப்பை ஏந்தி வந்தாள். இரண்டாவது மேசைக்காரர், எதற்கென்று தெரியவில்லை, அளவு டேப் ஒன்று கொண்டுவந்திருந்தார். ட்யூலி சார் நடுவில். என் அறையில் இரண்டு கட்டில், ஒரு தகரப் பெட்டி, பூட்டாத ஒரு ஜன்னல். மூவரும் உள்ளே வந்து நின்றார்கள். இரண்டாவது மேசைக்காரர் எண்ணினார்.

“நாலு பேர்” என்று எழுதினார்.

“அதுல மூணு பேர் நீங்க சார்” என்றேன்.

“இருக்கலாம். பார்த்தப்ப நாலு பேர்.”

அந்த நேரம் பார்த்து என் அறைக்கூட்டாளி குளித்துவிட்டுத் துண்டோடு உள்ளே வந்தான். “அஞ்சு” என்று திருத்தினார்.

கூட்டாளிக்கு பீரோ என்று பெயர். ஆள் ஒல்லிதான். ஊசி, நூல், தலைவலி மாத்திரை, சட்டைப் பொத்தான், யாருக்கு எது வேண்டுமானாலும் அவனிடம் இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அவனை வெளியே அனுப்பினார்கள். பிறகும் நான்கு பேர் என்ற பிரச்சினை தீரவில்லை. ட்யூலி சார் கொஞ்ச நேரம் யோசித்து, குழு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாவித் துவாரம் வழியாக ஒவ்வொருவராகப் பார்ப்பது என்று முடிவு செய்தார்.

“நீ பாட்டுக்கு இரு” என்றார் போகும்போது. “நாங்க இல்லைன்னு நெனச்சுக்கோ. எப்பவும் எப்படி இருப்பியோ அப்படியே இரு.”

கதவு சாத்தியது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். எப்பவும் எப்படி உட்காருவேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. கைகளை எங்கே வைப்பேன் என்றும் தெரியவில்லை. துவாரத்தில் முதலில் ஒரு கண் வந்தது, போனது. இரண்டாவது கண் அவசரமாக வந்து போனது. மூன்றாவது கண் அக்காவுடையது, மை தீட்டியது. அது மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றது.

அறிக்கை மாலையில் வந்தது. ‘விண்ணப்பதாரர் ஒருவராகவே காணப்பட்டார். எனினும் தாம் பார்க்கப்படுகிறோம் என்பதை அவர் அறிந்திருந்ததால், முழுமையான தனிமை என்று கொள்வதற்கில்லை. கட்டிலின் நீளம் ஆறேகால் அடி.’ குறைபாட்டைச் சாட்சிக் கையெழுத்தால் ஈடுகட்டலாம் என்று ட்யூலி சார் ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். அது அவருடைய பெருந்தன்மை என்று அக்கா சொன்னாள்.

புதன்கிழமை அப்பாவின் பதில் வந்தது. ‘நாட் அட் ஹோம். ஃபாதர்.’ நான்கு வார்த்தைகள். நான்கு மாதத்தில் அவர் எழுதியதிலேயே நீளமானது. ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவில்லை. எனக்கு ஒரு மாணவன் இருந்து, அவன் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ட்யூலி சார் அதை மேசை மேல் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் படித்தார்.

“உங்கப்பாவுக்கும் உனக்கும் ஏதாவது மனஸ்தாபமா?”

“இல்ல சார்.”

“பிறகேன் இப்படி மொட்டையா எழுதறார்? வீட்ல இல்லைங்கறதை அடிச்சுச் சொல்லலியே. அரைமனசா சொன்ன மாதிரி இருக்கு. ஒரு ‘ரியலி’ உண்டா, ‘ட்ரூலி’ உண்டா? பெத்த பிள்ளைக்கு எழுதறப்ப ஒரு மனுஷன் இவ்வளவு கணக்குப் பார்ப்பாரா?”

அவர் அப்படித்தான் எழுதுவார், அது அவருடைய பாணி என்று சொல்லப் பார்த்தேன்.

“‘ட்ரூலி’ போட்டு ஒண்ணு வாங்கிட்டு வா” என்றார். “நான் வேணாம்னு சொல்லல. சட்டம் கேக்குது.”

கவுன்டருக்கு நடந்தேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். எடுக்கச் சொன்னவனே போடச் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் சொல்ல இருபது வார்த்தை போதாது. காரணம் சொல்லாமல், ‘ப்ளீஸ் ஆட் ட்ரூலி’ என்று மூன்றே வார்த்தை எழுதிக் கொடுத்தேன். கவுன்டர் பெண் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டச்சு செய்தாள்.

அன்று மாலை சாட்சிப் படிவத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தேன். பீரோ பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் பஸ். ஞாயிற்றுக்கிழமையே அவன் என்னைக் கூப்பிட்டிருந்தான். “எங்க வீட்ல மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. வாயேன்டா. அம்மா வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க.” போன விடுமுறையில் ஒரு வாரம் போயிருந்தேன். அவன் அம்மா எல்லோருக்கும் ஒரு கரண்டி என்றால் எனக்கு இரண்டு கரண்டி வைத்தார். எல்லோரிடமும் சாதாரணமாகப் பேசிவிட்டு என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினார். அந்த இரண்டாவது கரண்டி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் சிரித்துவிட்டு, ஆபீஸில் லெட்டர் வாங்கினால் போதும், எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை.

இப்போது படிவத்தை நீட்டினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான். ஆங்கிலத்தில் அச்சடித்தது. இவரை மிக நெருக்கமாக, உண்மையாக அறிந்தவன் என்ற முறையில், இவருக்கு உண்மையாகவே யாரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். கீழே ஒரு கோடு.

முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தான்.

“அப்ப நான் யாருடா?”

“டேய், அது ஃபார்ம்டா.”

“ஃபார்ம்தான். ‘ட்ரூலி’ன்னு ரெண்டு எடத்துல போட்டிருக்கு.”

“அதெல்லாம் சும்மா போடறதுடா. அதுக்கெல்லாம் ஒரு அர்த்தமும் கெடையாது. நான்தான் அதைப் பத்திச் சுவர்ல எழுதி ஒட்டியிருந்தேனே.”

“தெரியும்” என்றான். “படிச்சேன்.”

பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தான். படிவத்துக்குப் பேனா வேண்டும் என்று ஞாபகம் வந்து, அதை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தான். அந்தப் பென்சிலைப் பார்த்தபோதுதான் மூன்றாவது வாசகன் யார் என்று எனக்குத் தெரிந்தது. கையெழுத்தை நிதானமாக, முழுப் பெயரும் தெரியும்படி போட்டான். மறுநாள் சாயங்கால பஸ்ஸுக்கு அவன் காலையிலேயே கிளம்பிவிட்டான். நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது அவன் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. என் தலையணை மேல் ஒரு அட்டை தலைவலி மாத்திரையும் இரண்டு சேஃப்டி பின்னும் இருந்தன.

திங்கட்கிழமை நான் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எனக்கு யாரும் இல்லை என்பது ஒரு சுமாரான உண்மைதான். அதில் ஓட்டைகள் இருந்தன. வியாழக்கிழமைக்குள் அலுவலகம் அவற்றையெல்லாம் அடைத்துக் கொடுத்துவிட்டது. வேறு எந்த நிர்வாகமும் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்ளாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவின் இரண்டாவது பதில் வந்தது. கவுன்டரில் அதைப் படிக்காமல், மடித்து, அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

ட்யூலி சார் எல்லாக் காகிதங்களையும் அடுக்கிப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியிலிருந்து எழுந்து, சாவியோடு மூன்றாவது மேசைக்குப் போய் உட்கார்ந்தார். ‘ட்ரூலி’ போட அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும். இரண்டு வருடத் தூசி அவர் கால்சட்டையில் ஒட்டியது. அங்கே உட்கார்ந்ததும், நான்காவது மேசையிலிருந்து வரவேண்டிய கோப்பு வரவில்லையே என்று கேட்டார். அவரே எழுந்து போய் எடுத்துவந்தார்.

அப்பாவின் சீட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். அலுவலக வழக்கம் அது.

‘ட்ரூலி நாட் அட் ஹோம். ட்ரூலி சாரி. ஃபாதர்.’

அக்கா தட்டிக்கொண்டிருந்த தட்டச்சு நின்றது. இரண்டாவது மேசைக்காரர் தன் மேசையில் அந்த வாரத்தில் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார்.

“தம்பி” என்றார் ட்யூலி சார். அந்த நாற்காலியில் அவர் குரல் கொஞ்சம் தணிந்துதான் இருந்தது. “ரெண்டாவது ‘ட்ரூலி’ நாம கேட்டது இல்லையே?”

“இல்ல சார்.”

“அவரா போட்டிருக்கார்.”

“ஆமா சார்.”

அவர் ஸ்டாம்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மை காய்ந்துபோய் மறுபடி ஒற்ற வேண்டியிருந்தது.

“எனக்கும் ஒரு பையன் வெளியூர்லதான்” என்றார். “ஞாயித்துக்கிழமை பேசுவான். நல்லாயிருக்கியாப்பான்னு கேப்பான். ரொம்ப நல்லாயிருக்கேன், ஜோரா இருக்கேன், ஒரு குறையும் இல்லைன்னு அடுக்குவேன். அவன் சரின்னு வெச்சுடுவான்.” ஸ்டாம்பைச் சீட்டுக்கு மேல் பிடித்தார். “‘நல்லாயிருக்கேன்’னு மட்டும் சொன்னா அவன் கெளம்பி வந்துடுவான்.”

பிறகு குத்தினார். சாவியால் இழுப்பறையைப் பூட்டினார். நான்காவது மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும், மூன்றாவது மேசையிலிருந்து கோப்பு தாமதமாக வந்திருப்பதாக ஓரத்தில் ஒரு கண்டனக் குறிப்பு எழுதினார். ‘ட்யூலி’யை ஓங்கிக் குத்தினார்.

“பார்த்தியா? நாலும் விழுந்துடுச்சு. இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாது” என்றார் பழைய குரலில். அக்கா அதை உறையில் போட்டுக் கொடுத்தாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னாள். அதற்கு அவள் ஸ்டாம்பு எதுவும் சேர்க்கவில்லை.

விடுதி வாசலில் வாட்ச்மேன் சங்கிலியும் பூட்டுமாக நின்றிருந்தார். ஐந்து அடிக்க எட்டு நிமிடம். நான் சான்றிதழை நீட்டினேன். நாலு ஸ்டாம்பு, இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை. அவர் அதை வாங்கி, தூரமாகப் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா. என்ன போட்டிருக்கு?”

“நான் தனியாள்னு போட்டிருக்குண்ணே.”

“அதுக்கா அஞ்சு நாளா அலைஞ்ச?” என்றார். “என்னைக் கேட்டா நானே சொல்லியிருப்பேனே.”

மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டு, அவர் கீழ்ப் பக்கத்து அறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே போனார். கேட்டுக்கொண்டே படியேறினேன். நாற்பத்திரண்டு பூட்டு. என் அறையில், எப்பவும் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாரும் பார்க்காததால் அது சரியா என்று சொல்ல ஆளில்லை.

சனிக்கிழமை காலையில் கவுன்டர் திறந்ததும் போனேன். வேறு யாரும் இல்லை. சான்றிதழ் சட்டைப் பையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாததால் கையோடு கொண்டுபோய்விட்டேன். சீட்டை வாங்கி, ‘ஃபைன்’ என்று எழுதினேன். அடித்தேன். இன்னொரு சீட்டு வாங்கினேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று எழுதி, கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன்.

‘அப்பா, ஐ ஆம் ட்ரூலி ஃபைன். ஈட்டிங் ப்ராப்பர்லி. ஸ்லீப்பிங் ப்ராப்பர்லி. ரூம் இஸ் ரியலி குட்.’

கவுன்டர் பெண் பென்சில் நுனியால் எண்ணினாள்.

“பதிமூணுதான் ஆகுது. இன்னும் ஏழு இருக்கு. விட்டுடவா?”

“கொடுங்க” என்றேன்.

அவள் சீட்டைத் திருப்பித் தந்தாள். வெளியே கம்பெனி வேன் ஒன்று பின்னோக்கி வந்து நின்றது. நான் கண்ணாடி ஓரத்தில் சாய்ந்துகொண்டு, மீதியை எழுதினேன்.

‘ஃப்ரெண்ட் இஸ் ஆக்சுவலி ஹியர் வித் மீ. ரியலி.’

அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

“இருபது” என்றாள். “சரியா இருக்கு.”